பச்சை வளையல் துண்டு மூன்று

எனக்கு அறுபத்தேழு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் தங்கை போனபிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் பிள்ளைகளோடு ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவை. ஐந்தும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கின்றன. அந்த ஐந்து வயிற்றுக்கும் சோறு போட்டது பிணவறை வேலை. அதைச் சொல்ல நான் ஒருநாளும் கூசியதில்லை.

நீங்கள் மூன்று பேர் அந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன வாரம் உங்களில் ஒருத்தி காரைக்கால் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "அஞ்சலை அக்கா, நீங்க அரசு வக்கீல் மேலயே மனு போட்டவங்களாமே, எப்படிக்கா துணிச்சல் வந்துச்சு?" என்று கேட்டாள். கையில் கத்தரிக்காய்ப் பையோடு நின்று சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால்தான் என் பேத்தி பவித்ராவை உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். பஸ் நம்பர் படிப்பேன். அதற்கு மேல் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை.

உடம்பை எப்படித் தூக்குவது, எப்படித் தைப்பது என்பதையெல்லாம் அங்கே இருப்பவர்கள் காட்டிக்கொடுப்பார்கள். மூக்கும் ஒரு மாதத்தில் பழகிவிடும். நான் சொல்வது அதற்கு அப்பால் உள்ளது.

எனக்கு அந்த வேலையைப் பழக்கியவரை எல்லோரும் 'பெரியவர்' என்றுதான் கூப்பிட்டோம். அதிகம் பேசமாட்டார். என் முதல் வருஷத்தில் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு கிழவியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு காலும் முழங்கால் வரை சேறு. டாக்டர் வர நேரம் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. என் அம்மா வயசு, பெரிய மனுஷி, இப்படிச் சேற்றுக்காலோடு படுத்திருக்கலாமா என்று ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து விரல் இடுக்கு வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டேன். புண்ணியம் செய்ததாகத்தான் நினைப்பு.

பெரியவர் வந்து பார்த்தார். திட்டவில்லை.

"டாக்டர் வருவாரு. நீயே சொல்லிடு."

"என்னன்னு சொல்றது?"

"சேறு இருந்துச்சு, கழுவிட்டேன்னு."

"நீங்க சொல்லுங்களேன் பெரியவரே."

"கழுவினது நானா?"

டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: வயல் சேறா, வாய்க்கால் சேறா, கடலோரத்துக் கறுப்புச் சேறா? எனக்கு நிறம்கூட ஞாபகம் இல்லை. கிழவி கடைசியாக எங்கே நடந்தாள் என்று சொல்ல அந்தச் சேறு ஒன்றுதான் இருந்தது. அதை நான் சாக்கடையில் ஊற்றியிருந்தேன். அன்றைக்கு டாக்டர் 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார். அந்த வார்த்தைக்குக் காரணம் நான். அவர் எழுதும்போது பக்கத்தில் நின்றேன். நின்றுதான் ஆக வேண்டும்.

அதற்குப்பிறகு பெரியவர் எனக்கு ஒரு முறை வகுத்துக்கொடுத்தார். "சாமியைக் கால்லேர்ந்து பாக்கணும், மனுஷனத் தலையிலேர்ந்து பாக்கணும். உனக்கு எழுத வராது. அதனால வாயால சொல்லு. தலையில என்ன இருக்கு, காதுல, மூக்குல, கழுத்துல, கையில, இடுப்புல, கால்ல. கழட்டறதுக்கு முன்னாடி சொல்லு. போலீஸ் ஏட்டு எழுதட்டும். அவரு எழுதி முடிச்சபிறகு அதைக் கழட்டு, அப்புறம் அடுத்ததுக்குப் போ. எந்த அவசரத்துலயும் இந்த வரிசையை மாத்தாத."

"மாத்தினா என்ன?"

"நாளைக்கு உனக்கு மறந்துபோகும். வரிசைக்கு மறக்காது."

இன்னொன்றும் சொன்னார். எந்தத் தாளில் கையெழுத்து வைத்தாலும் அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கு, படிக்கத் தெரியாவிட்டாலும் வாங்கு என்றார். இருபத்தாறு வருஷம் அப்படியே செய்தேன். ஏட்டுகள் சலித்துக்கொள்வார்கள். "அஞ்சலை அம்மா மந்திரம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, பேனாவை எடுங்கப்பா" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று தலையிலிருந்து தொடங்குவேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் இருக்கும். ஒரு காலையில் போலகம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயசு. பட்டினச்சேரியில் மீன் விற்கிற அம்மாவுக்கு ஒரே மகள். நிலபுலன் உள்ள வீட்டுப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். துணி துவைக்கப் போனாள், குளத்துப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று புருஷன் வீட்டில் சொன்னார்கள்.

நான் என் மந்திரத்தைத் தொடங்கினேன். ஈர முடியை விரலால் பிரித்தேன். பின்னந்தலையில், வேரோடு ஒட்டி, ஏதோ குத்தியது. "தலையில பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு மூணு" என்றேன். ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "தலையிலயா?" "தலையிலதாங்க. எழுதுங்க." எழுதினார். அதைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார். பிறகு காது, மூக்கு, கழுத்து. அப்புறம்தான் கை. இடது கையில் ஆறு வளையல். வலது கையில் இரண்டு.

கண்ணாடி வளையலை எடுக்கிற விதம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தண்ணீரில் ஊறிய கை உப்பியிருக்கும். இழுத்தால் உடையும். நான் சோப்பு நுரை தடவி, மெல்லிசான பிளாஸ்டிக் பையைக் கைமேல் போர்த்தி, அதன்மேல் ஒவ்வொன்றாக வழுக்கி எடுப்பேன். ஏன் இவ்வளவு பாடு என்றால், சுமங்கலியாகப் போனவள் பூவோடும் பொட்டோடும் வளையலோடும்தான் போகவேண்டும். அவள் வளையலை உடைக்கிற உரிமை யாருக்கும் கிடையாது. எல்லாம் முடிந்தபிறகு அதே வளையலைத் திரும்பப் போட்டுத்தான் அனுப்புவேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வளையல் என் கையில் விரிசல் விட்டதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

அந்தப் பெண்ணுக்கும் போஸ்ட்மார்ட்டம் முடிந்து, போலீஸ் எழுதிக்கொண்டு கொடுத்த வளையல்களை அவள் அம்மா முன்னால் போட்டுவிட்டேன். அந்த அம்மா அழவில்லை. வலது கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மாங்கனித் திருவிழாவுல நான்தான் வாங்கிக் குடுத்தேன். இந்தக் கைக்கு ஆறு, அந்தக் கைக்கு ஆறு. இதுல ஏன் ரெண்டு இருக்கு?"

"என் கைக்கு வந்தது ரெண்டுதாம்மா. நான் உடைக்கலை."

"மிச்சம் எங்க?"

மூன்று துண்டு தலைமுடியில் இருந்தது என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தன் கையைத் தூக்கித் தன் பின்கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். யாராவது முடியைப் பிடித்தால் நம் கை தானாக எங்கே போகும் என்று பெண்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. எப்படி வந்தது என்று சொல்வது டாக்டர் வேலை, எங்கே இருந்தது என்று சொல்வது என் வேலை.

"இதைக் கேக்கிற இடத்துல சொல்வியா?" என்றாள்.

"கேட்டா சொல்வேன்."

கொடுத்த வாக்கு அவ்வளவுதான். புருஷன் மேல் வழக்குப் பதிந்தார்கள். நான் ஓய்வு பெற்றேன். வருஷம் நாலு ஓடியது.

பிறகு ஒருநாள் வழக்கு சாட்சிக்கு வருகிறது, அரசு வக்கீல் அலுவலகத்துக்கு வந்துபோகவேண்டும் என்று ஆள் வந்தது. அரசு வக்கீல் என்றால் செத்தவர் பக்கம் நின்று பேசவேண்டியவர். அப்படித்தான் நான் நம்பிப் போனேன்.

அவர் எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். என்னைப்போல் ஒருத்திக்கு ஓர் அலுவலகத்தில் நாற்காலி கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. பிணவறைக்காரி என்று கல்யாண வீட்டில் எனக்குத் தனியாக இலை போட்டவர்கள் இதே ஊரில் உண்டு. இவர் நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். ஐந்து பேரையும் பற்றிச் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

"நீங்க சாட்சி சொல்ல வரப்போறீங்கங்கறதுக்கு ஒரு அடையாளம்தான். இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று தட்டச்சு செய்த தாளை நீட்டினார்.

படித்துக்காட்டுங்கள் என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. இவ்வளவு மரியாதை கொடுத்த மனுஷரிடம் அப்படிக் கேட்டால், எனக்கு எழுத்துத் தெரியாது என்று தெரிந்துவிடுமே என்று ஒரு கூச்சம். என் பெயரை நன்றாக நிறுத்தி அழகாக எழுதினேன். அந்த நாற்காலிதான் பிள்ளைகளா, என்னைக் கவிழ்த்தது. சேற்றைக் கழுவியதற்கு அடுத்து என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

வெளியே வந்ததும் பழக்கம் மட்டும் போகவில்லை. குமாஸ்தாவிடம், "தம்பி, இதுல எனக்கு ஒரு ஜெராக்ஸ்" என்றேன். அவர் யோசிக்காமல் எடுத்துக்கொடுத்துவிட்டார். அவருக்கும் அது தினப் பழக்கம்.

வீட்டில் பவித்ரா படித்தாள். அப்போது அவள் பத்தாவது. பாதியில் நிறுத்தினாள்.

"ஆயா, நீ வளையலை உடைச்சியா?"

"என்னடி உளர்ற?"

"இதுல அப்படித்தான் இருக்கு. 'இறந்தவரின் கையிலிருந்து வளையல்களைக் கழற்றியபோது என் கவனக்குறைவால் சில உடைந்தன. அத்துண்டுகள் தலைமுடியில் சிதறியிருக்கலாம்.' கீழ உன் கையெழுத்து இருக்கு."

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். மூன்றாவது தரமும். எத்தனை தரம் படித்தாலும் அதேதான் இருந்தது. அந்தப் பெண்ணின் தலையில் இருந்த மூன்று துண்டைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டார்கள். அது என் கைத்தப்பு என்று ஆகிவிட்டால் வழக்கில் மிச்சம் என்ன? வழுக்கி விழுந்தாள் என்பது மட்டும்தான்.

மறுநாள் திரும்பப் போனேன். நாற்காலியைக் காட்டினார். நான் நின்றேன்.

"என்ன பாட்டி, மறுபடியும்?" முதல் நாள் அம்மா, இரண்டாம் நாள் பாட்டி.

"தாள்ல நான் சொல்லாதது இருக்குதுங்கய்யா."

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே. யாரு சொன்னது?" நான் கூசி மறைத்தது அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

"பேத்தி படிச்சா."

"சின்னப் பொண்ணு, தப்பாப் படிச்சிருக்கும்."

"அப்ப நீங்க படிங்கய்யா. நான் கேக்குறேன்."

அவர் படிக்கவில்லை. தாளை எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். "எத்தனையோ உடம்பு பாத்திருப்பீங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வளையல் எப்படி உடைஞ்சுதுன்னு ஞாபகம் இருக்குமா? எதிர் வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்டா நீங்க தாங்கமாட்டீங்க. உங்க நல்லதுக்குத்தான் எழுதியிருக்கேன்" என்றார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துக் குரல் மாறியது. "கையெழுத்து உங்களுது. இனிமே மாத்திச் சொன்னா பொய்ச்சாட்சின்னு உங்க மேலதான் வழக்கு வரும். வயசான காலத்துல அலையணுமா?"

வீட்டுக்கு வந்து சொன்னால் என் மூத்தவன் நடுங்கினான். "அம்மா, ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடும்மா. உன் வயசுக்கு யாரும் தப்பாச் சொல்லமாட்டாங்க."

"ஞாபகம் இருக்குதேடா."

அன்றைக்குச் சாயங்காலமே ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா இருக்கிறார். அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து இறந்தவர். தெருவே அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிடும். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் பிரான்சுக்குத் தாள் அனுப்பினால்தான் அவருக்குப் பென்ஷன். ஒரு எழுத்துப் பிசகினாலும் திரும்பி வந்துவிடும். அதனால் தாள் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவரிடம் போனேன். பவித்ராவையும் கூட்டிப்போனேன்.

மதாம் ஜெராக்ஸைக் கண்ணாடி போட்டுப் படித்தார். இரண்டு தரம் உச்சுக் கொட்டினார். பேனாவை எடுத்தார்.

"எதிராளிகிட்ட லஞ்சம் வாங்கிக்கிட்டு இப்படிச் செஞ்சாருன்னு ஆரம்பிக்கட்டுமா?"

"நீங்க பாத்தீங்களா மதாம்?"

"நான் எங்க பாத்தேன். ஊரே சொல்லுது."

"அப்ப ஊரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"ஏன்டி, பின்ன சும்மாவா ஒரு மனுஷன் இப்படிச் செய்வான்?"

"ஏன் செஞ்சாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினா, அவர் எழுதினதுக்கும் நான் எழுதறதுக்கும் என்ன வித்தியாசம்?"

மதாம் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "சரி. நீ சொல்லு. நான் கை மட்டும் கொடுக்கிறேன்."

சொன்னேன். என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், ஏட்டு என்ன எழுதினார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், படித்துக்காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்பது, மறுநாள் அவர் என்ன சொன்னார் என்பது. "உன் தப்பையும் எழுதணுமா?" என்று மதாம் கேட்டார். அதை முதலில் எழுதுங்கள் என்றேன். என் தப்பை நான் சொல்லாவிட்டால் அவர் சொல்வார். அவர் வாயில் அது வேறு மாதிரி இருக்கும்.

எழுதியதை மூன்று தரம் படிக்கவைத்தேன். மூன்றாம் தரம் முடிந்ததும் மதாம், "எனக்கு நாக்கு வறண்டுபோச்சு அஞ்சலை. செத்தவங்ககூட உன்கிட்ட இவ்வளவு பாடு பட்டிருக்கமாட்டாங்க" என்றார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

அரசு வக்கீல்களுக்கு மேலே உள்ள அதிகாரியின் அலுவலகம் புதுச்சேரியில். தபாலில் போடலாம் என்றார்கள். கையில் கொடுத்தால்தான் எனக்குத் திருப்தி. பவித்ராவுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். அங்கே இருந்த பையன் மனுவை வாங்கி மேசையில் போட்டுவிட்டு, "போயிட்டு வாங்க, பாத்துக்கறோம்" என்றான்.

"என் பிரதியில சீல் வேணும் தம்பி."

"சீல் போடுறவரு சாப்பிடப் போயிருக்காரு. நேரமாகும்."

"சாப்பிட்டு வரட்டும். நாங்களும் கட்டிக்கிட்டு வந்திருக்கோம்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நானும் பேத்தியும் புளிச்சோறு சாப்பிட்டோம். அலுவலகமே மணத்தது. சீல் போடுகிறவர் சீக்கிரமே வந்துவிட்டார்.

நாலைந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. வழக்கில் என் முறை மட்டும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. இடையில் பட்டினச்சேரி அம்மா ஒருநாள் மீன்கூடையோடு என் வாசலில் வந்து நின்றாள். "வளையலை உடைச்சது நீதான்னு கையெழுத்துப் போட்டுட்டியாமே. அந்த வீட்டு ஆளுங்க எங்க ஊர்ல வந்து சொல்லிட்டுப் போறாங்க" என்றாள். சண்டை போடவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். நான் உள்ளே போய்ச் சீல் போட்ட தாளை எடுத்துவந்து காட்டினேன். அவளுக்கும் படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் அந்த நீல சீலையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில், "நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை தலையில் ஏற்றிய பாரம்போல் இருந்தது.

பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு அம்மாதான் அதிகாரி. அரசு வக்கீல் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. இந்தத் தடவை யோசித்து உட்கார்ந்தேன்.

வக்கீல் சொன்னார்: "எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. யாரோ தூண்டிவிட்டிருக்காங்க. அன்னைக்கு அவங்க சொன்னதைத்தான் தட்டச்சு செஞ்சேன். இப்ப மாத்துறாங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றதுக்கும் அவர் சொல்றதுக்கும் நடுவுல நான் எதை வச்சு முடிவு பண்றது? கழட்டும்போது உடையலைன்னு எப்படித் தெரியும் எனக்கு?"

நியாயமான கேள்வி. இருபத்தாறு வருஷத்தில் ஒன்றுகூட உடைத்ததில்லை என்று சொல்லலாம். அது என் வாய்ச்சொல். கை காட்டிச் சத்தியம் செய்யலாம். அதுவும் என் வாய்தான். அப்போது பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. உனக்கு மறந்துபோகும், வரிசைக்கு மறக்காது.

"அம்மா, அன்னைக்கு ஏட்டு எழுதின பட்டியலை எடுத்துப் பாருங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா முதல் வரி தலைதான்."

பட்டியல் வழக்குக் கோப்பிலேயே இருந்தது. நாலு வருஷமாக எல்லோரும் புரட்டிய தாள். அதிகாரி படித்தார். "தலை: பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் மூன்று. காது: தோடு இரண்டு. மூக்கு: மூக்குத்தி ஒன்று. கழுத்து: தாலிக்கயிறு. இடது கை: கண்ணாடி வளையல் ஆறு. வலது கை: இரண்டு." படித்துவிட்டுத் திரும்பவும் முதல் வரிக்குப் போனார்.

"நான் சொல்லி, அவரு எழுதி, அப்புறம்தான் ஒவ்வொண்ணா எடுப்பேங்கம்மா. வளையல்ல நான் கை வைக்கறதுக்கு முன்னாடியே தலையில துண்டு இருந்திருக்கு. அப்ப அதை உடைச்சது என் கை எப்படி?"

வக்கீல் சிரித்தார். "பட்டியலை எந்த வரிசையிலயும் எழுதலாம் மேடம்."

"எழுதலாம்" என்றேன் நான். "அம்மா, என்கிட்ட வந்த எந்த உடம்போட பட்டியலை வேணும்னாலும் எடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு காலிலேர்ந்தோ கையிலேர்ந்தோ ஆரம்பிச்சிருந்தா, நான் உடைச்சேன்னே எழுதிக்குங்க. உடைச்சிருந்தா நானே சொல்லியிருப்பேன். என் தப்பைச் சொல்லிப் பழக்கம் உண்டு எனக்கு. அந்த மனுவுலயே முதல்ல அதுதான் இருக்கு."

அதிகாரி அன்றைக்கே முடிவு சொல்லவில்லை. பழைய பட்டியல்களைத் தருவிக்கச் சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. ஏட்டுகள் மாறியிருக்கிறார்கள், கையெழுத்து மாறியிருக்கிறது. எல்லாம் தலையில் தொடங்கிக் காலில் முடிந்தன. எந்த ஏட்டுகள் என்னை மந்திரம் சொல்கிறாள் என்று கேலி செய்தார்களோ, அவர்கள் எழுத்துதான் எனக்குச் சாட்சி வந்தது.

அந்த வழக்கிலிருந்து அவரை எடுத்துவிட்டு வேறொரு அரசு வக்கீலைப் போட்டார்கள். அவருக்கு மேல்கொண்டு என்ன நடவடிக்கை என்று நான் விசாரிக்கவில்லை. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். நான் கேட்டது அந்தத் தாளை எடுக்கத்தான். எடுத்தார்கள்.

கோர்ட்டில் கூண்டேறிச் சொன்னேன். எதிர் வக்கீல் அரைநாள் என்னை உருட்டினார். "இருட்டறையில சரியாத் தெரிஞ்சிருக்குமா?" என்றார். "விரல்ல குத்துச்சுங்க" என்றேன். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நிறைய பேர், நீதிபதி, சுற்றிலும் கறுப்பு அங்கி. என்ன கூச்சம் இருந்தாலும் இந்த முறை விடுவதாக இல்லை. "அய்யா, எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று உரக்கச் சொன்னேன். நீதிபதி தலையசைத்தார். எழுதியவர் வரி விடாமல் படித்தார். கோர்ட்டே காத்திருந்தது. பட்டினச்சேரி அம்மா கடைசி வரிசையில் இருந்தாள். 'தலையில் பச்சை வளையல் துண்டுகள் மூன்று' என்ற இடத்தில் அவள் கை கொண்டைக்குப் போயிற்று.

மறுநாள் ஒரு முழு வஞ்சிரத்தோடு வாசலில் நிற்கிறாள். எனக்கு வஞ்சிரம் என்றால் உயிர். ஆனாலும் வேண்டாம் என்றேன்.

"தீர்ப்பு வரட்டும். சாட்சி சொன்னவ இப்ப உன்கிட்ட மீன் வாங்கினா, அந்த மீனைப் பத்தியும் ஒரு தாள் எழுதுவாங்க."

மதாமுக்கு இந்தக் கதை போய்ச்சேர்ந்து, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வாங்கித் தன் வீட்டில் வைத்திருக்கலாமாம்.

தீர்ப்பு வர எட்டு மாதம் ஆயிற்று. டாக்டர் சொன்னதையும் துண்டுகள் இருந்த இடத்தையும் வைத்துப் புருஷனுக்குத் தண்டனை கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அந்த அம்மா வந்தாள். கூடையை இறக்கினாள். "இப்ப வாங்கலாமா?" என்றாள். வாங்கினேன். குழம்பு வைத்து மதாமுக்கும் கொடுத்தனுப்பினேன். மூன்று பேரும் அவரவர் வீட்டில் சாப்பிட்டோம். மகள் திரும்பி வரவில்லை, அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் 'வழுக்கி விழுந்தாள்' என்று இனி யாரும் அந்தத் தெருவில் சொல்லமாட்டார்கள்.

பிள்ளைகளா, துணிச்சல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். எனக்குத் துணிச்சல் இல்லை. புதுச்சேரி பஸ்ஸில் போகும்போது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் கேட்டேன். பவித்ராவைக் கேளுங்கள். என்னிடம் இருந்தது ஒரு பழக்கம். நீங்கள் மூன்று பேரும் படித்தவர்கள். உங்கள் கையாலேயே பட்டியல் எழுதிக்கொள்வீர்கள். அதனால் வாயால் சொல்வதெல்லாம் பழைய காலத்து வேலை என்று தோன்றும். தோன்றட்டும். ஆனாலும் தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள், அடுத்தவர் காதில் விழும்படி சொல்லுங்கள். உங்களுக்கு யாராவது நாற்காலி போட்டால் நன்றாக உட்காருங்கள், டீயும் குடியுங்கள். தாள் வந்தால் மட்டும் எழுந்துவிடுங்கள்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். பவித்ரா, பேனாவை மூடு. என்ன சிரிக்கிற? கையெழுத்து நான் இன்னும் போடலை. நீ என்ன எழுதி வச்சிருக்கியோ, எனக்கு எப்படித் தெரியும்? எங்க, படி பாப்போம். நடுவுல வேணாம்டி, தலையிலேர்ந்து படி.